ஆறு மணிக்கு மேல் மோட்டார் ஓடாத தெரு

சரவணா,

புனே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று ரம்யா போன் பண்ணிச் சொன்னாள். பிள்ளைக்கு உடம்புச் சூடு தணிந்துவிட்டது, ஒழுங்காகப் பால் குடிக்கிறாள் என்றும் சொன்னாள். நீ பக்கத்தில்தான் இருந்தாய். நீ தொண்டையைச் செருமியது எனக்குக் கேட்டது. ஆனால் போனை வாங்கிப் பேசவில்லை. கொடு என்று நானும் கேட்கவில்லை. கேட்டு, நீ வேண்டாம் என்று கையைக் காட்டி, அதை அந்தப் பெண் மறைத்து எனக்கு ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயமாக இருந்தது. போனில் எனக்குக் கோர்வையாகப் பேசவும் வராது. பாதியில் அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். உன் தங்கச்சி மீனா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். நீளமாக இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடாதே, கடைசி வரைக்கும் படி.

அன்றைக்கு நான் செய்தது தப்புதான். சித்திரை வெக்கையில் எட்டு மாதப் பிள்ளையைக் கதவடைத்த அறையில் படுக்கப் போட்டிருக்கிறீர்கள், ரம்யா குளிக்கப் போயிருக்கிறாள், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் உள்ளே போனேன், சுவிட்சை அணைத்தேன், கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். பிள்ளை உள்ளே கிடக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை அணைத்தது. அரை மணி நேரம் கழித்து நீ தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது பிள்ளையின் முகம் செக்கச்சிவந்து, தலைமுடியெல்லாம் நனைந்து ஒட்டிக்கிடந்தது. அழுது அழுது குரலே வரவில்லை. "கரண்டு பில்லுக்காகவாம்மா? நான்தானே கட்டுறேன், உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டாய். உன் அப்பா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்கள். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். மறுநாள் மத்தியானமே பஸ் ஏறிவிட்டீர்கள்.

பில்லுக்காக இல்லையடா. சாயங்காலம் மணி ஏழு. அவ்வளவுதான் காரணம். ஏழு மணிக்கு நம் வீட்டில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் என் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. யாருக்கோ மூச்சு நிற்கப் போகிறது என்று தோன்றிவிடுகிறது. இது ஏன் என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நானும் அப்பாவும்தான்.

கொரோனா இரண்டாவது அலை வந்தபோது அப்பாவுக்கு லேசான காய்ச்சல், தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை என்று உன்னிடம் சொன்னோம். நீ தினமும் கூப்பிட்டாய். ஒருநாள், "அங்க என்னம்மா சத்தம்?" என்று கேட்டாய். "கிரைண்டர் ஓடுதுய்யா" என்றேன். அந்த வீட்டில் கிரைண்டர் ஓடி ஒரு வாரம் ஆகியிருந்தது. நீ கேட்டது ஆக்சிஜன் மெஷினின் சத்தம். மறுநாளிலிருந்து உன் போன் வந்தால் கொல்லைப்புறம் போய் நின்றுதான் பேசினேன்.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கம். நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, விசைத்தறி ஓட்டுகிற பாக்கியத்தை உனக்குத் தெரியும். முதல் அலையில் அவள் புருஷனுக்குத்தான் நம் தெருவில் முதலில் வந்தது. நூல் எடுக்க வெளியூர் போய்விட்டு வந்தவருக்குக் காய்ச்சல். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. பாக்கியம் ரெண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு, எப்போதும் வருகிற மாதிரி நம் போர் தண்ணீருக்கு வந்தாள். நான் கேட்டை உள்பக்கம் பூட்டினேன். "இங்கிட்டு வராத பாக்கியம், பிள்ளைக இருக்கிற வீடு" என்றேன். அவள் குடத்தைத் தரையில் வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதோடு நான் விடவில்லை. நகராட்சி ஆபீசுக்குப் போன் பண்ணி, அந்த வீட்டு ஆட்கள் வெளியே வருகிறார்கள், வாசலை மறித்துத் தகரம் அடியுங்கள் என்று சொன்னேன். சாயங்காலமே வந்து அவள் வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். அவள் புருஷன் பிழைத்து வந்துவிட்டார். ஆனால் அந்தப் பதினாலு நாளும் அவள் தண்ணீருக்கு என்ன செய்தாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. போன் பண்ணியது நான்தான் என்பது மட்டும் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

மறு வருஷம் நம் முறை வந்தது. பலசரக்குக் கடை என்பதால் காலையில் கொஞ்ச நேரம் திறக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அப்பா விடியற்காலையில் பைக்கில் திருச்சுழி போய்க் கடையைத் திறந்துவிட்டு வருவார்கள். நரிக்குடிப் பக்கத்து ஜனமெல்லாம் அந்த ரெண்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்து நெருக்கியடித்து வாங்கும். நான் வேண்டாம் என்றேன். "நம்மளும் மூடிட்டா அந்த ஊரு ஆளுக அரிசிக்கு எங்க போவாக?" என்றார்கள். ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்தவர்கள் ரசத்தில் உப்பே இல்லை என்றார்கள். மீனா என்னைப் பார்த்தாள். நான் உப்பு போட்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அருப்புக்கோட்டையிலும் விருதுநகரிலும் படுக்கை இல்லை. மதுரையில் கேட்டுப் பார்த்த இடங்களிலும் இல்லை. டாக்டரம்மா போனில் சொன்னார்கள், எப்படியாவது ஒரு ஆக்சிஜன் மெஷின் பிடித்து வீட்டிலேயே வையுங்கள், குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், படுக்கை கிடைத்ததும் நானே கூப்பிடுகிறேன் என்று. மதுரைச் சித்தப்பா எங்கிருந்தோ ஒன்றை வாங்கிக் காரில் கொடுத்துவிட்டார். கொண்டு வந்த டிரைவர் அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். "யாரு வீட்டுதுப்பா?" என்று கேட்டேன். "தெரிஞ்சவுக வீட்டுதுதான்க்கா. அவுகளுக்கு இனிமே வேணாமாம்" என்றார். சுகமாகி வேண்டாமா, வேறு மாதிரி வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு ஈரத்துணியால் அந்த மெஷினை மூன்று தடவை துடைத்தேன்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்சிஜன் அளவு எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்று மூன்றுக்கு ஏறியது. அப்பா கண்ணைத் திறந்து, "கடைச் சாவி பைக்குலயே இருக்கு" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாளில் சிரித்தது அது ஒன்றுதான். சாயங்காலம் ஆறரை மணிக்கு முன்னறை பல்பு மங்கிச் சிவந்தது. மெஷின் ஒரு மாதிரி முனகியது, பிறகு கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. கரண்டு போகவில்லை, சரவணா. இருந்தது. ஆனால் அந்த மெஷினுக்குப் பற்றவில்லை. இன்வெர்ட்டரில் மாட்டினோம். பழைய பேட்டரி, இருபது நிமிஷம்தான் தாங்கியது. அதுவும் கூவ ஆரம்பித்தபோது விரலில் எண்பத்து நாலு. அப்பாவின் உதடு கறுத்துவிட்டது. நானும் மீனாவும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஒன்றும் செய்யத் தெரியாமல் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதரைக்கு ஓல்டேஜ் ஏறி மெஷின் மறுபடி ஓடியது. அந்த மூன்று மணி நேரம் எப்படிப் போனது என்று எனக்கு இப்போதும் எழுதத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மீனா ஒரு காரியம் செய்தாள். ஸ்டெபிலைசரில் ஓல்டேஜ் நம்பர் தெரியும் அல்லவா, அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இருக்கிறதை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள், அணைக்கச் சொன்னாள். நான் பல்பையெல்லாம் அணைத்துக்கொண்டு திரிந்தேன். "பல்புல ஒண்ணும் இல்லம்மா. அயன்பாக்ஸப் போடு, நம்பரைப் பாரு" என்றாள். போட்டேன், சரசரவென்று இறங்கியது. மோட்டாருக்கும் இறங்கியது. ஹீட்டர் கம்பிக்கு அதற்கு மேல். அப்போதுதான் எது எவ்வளவு இழுக்கிறது என்று எனக்கே தெரிந்தது, இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவள் ஒரு தாளில் எழுதிச் சுவிட்ச் பெட்டிக்கு மேல் ஒட்டினாள். மோட்டார் காலை ஆறு மணிக்கு. மாவாட்டுவது விடிந்ததும். பிரிட்ஜ் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை கிடையாது, ஐஸ் கட்டின பாட்டில்களை உள்ளே அடுக்கிவிடலாம். டிவி கிடையாது. போன் சார்ஜ் பகலில் மட்டும். இன்வெர்ட்டரில் மெஷினைத் தவிர ஒன்றும் ஓடக்கூடாது, ஃபேன்கூட. அக்கினி நட்சத்திர வெயிலில் ஃபேன் இல்லாமல் அப்பா கிடந்தார்கள். மீனாவின் பரீட்சை அட்டையை வைத்து மாற்றி மாற்றி விசிறினோம். இதையெல்லாம் செய்ததில் பேட்டரி இருபது நிமிஷத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு வந்தது. ஆனால் தேவை மூன்று மணி நேரம்.

அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிட்டேன். உன் வயசுப் பையன்தான், போஸ்டைப் பார்த்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னார். "லைன்ல கோளாறு எதுவும் இல்லக்கா. டிரான்ஸ்பார்மர்லருந்து உங்க வீடுதான் கடைசி. ஊரடங்குல எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்காக. சாயங்காலம் ஆச்சுன்னா ஒரே நேரத்துல ஏழெட்டு மோட்டாரு ஓடுது, ரெண்டு ஏசி ஓடுது, அந்தப் பக்கம் நாலு தறி ஓடுது. கடைசி வீட்டுக்கு வந்து சேரும்போது ஒண்ணும் மிச்சம் இருக்கிறதில்ல. நான் மேல எழுதிக் கொடுக்குறேன், ஆனா இன்னைக்கோ நாளைக்கோ நடக்கிற காரியம் இல்ல. நீங்க தெருவுல சொல்லிப் பாருங்க."

தெருவில் சொல்வதென்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பார். நம் வீட்டில் வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். தெரிந்தால் தகரம் அடிப்பார்கள். பால்காரர் வர மாட்டார். கடைக்கு ஆள் வராது. மீனாவுக்கு வரன் பார்க்கிற பேச்சு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றையும்விட, மூடின சன்னல்களுக்குப் பின்னால் நின்று அத்தனை பேரும் நம் வாசலையே பார்ப்பார்கள். எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், நானே அப்படிப் பார்த்தவள்தான். ஒரு நாள் பொறுப்போம், படுக்கை கிடைத்துவிடும் என்று மீனாவிடம் சொன்னேன். அந்த ஒரு நாள், அன்றைய சாயங்காலம், பேட்டரி தீர்ந்த பிறகு விரலில் எழுபத்தொன்பது காட்டியது. அப்பாவுக்கு நினைவு தப்பி, என்னை யாரென்று கேட்டார்கள். டாக்டரம்மா பிறகு சொன்னார்கள், அந்த மாதிரி மணிக்கணக்கில் குறைந்து கிடந்தது நுரையீரலுக்கு நல்லதில்லை என்று. எந்தச் சாயங்காலம் எவ்வளவு கெடுத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என்னால் முடியும். அது நான் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த சாயங்காலம்.

அடுத்த நாள் சாயங்காலம் மீனா செருப்பைப் போட்டாள். "நீ போகலைன்னா நான் போயிச் சொல்றேம்மா. எனக்கு எவனும் கட்டிக்க வரலைன்னாலும் பரவால்ல" என்றாள். அவளை உட்கார வைத்துவிட்டு நான் போனேன். எந்த வீட்டு வாசலுக்கும் போக முடியாது, நானும் தொற்றை வைத்திருப்பவள்தான். அதனால் நடுத்தெருவில் போய் நின்றேன். ஐந்து மணி வெயில். ஒருவரும் இல்லாத தெரு. முகத்துணியோடு நின்று ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். சன்னல்கள் திறந்தன. "எங்க வீட்டுல அவுகளுக்கு வந்திருச்சு. வீட்டுலதான் வச்சிருக்கோம். மெஷின் ஓட ஓல்டேஜ் பத்தல. சாயங்காலம் ஆறுலருந்து ஒன்பதரை வரைக்கும் மோட்டாரு, ஏசி, அயன்பாக்சு, கிரைண்டரு எதுவும் போடாதீக. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்" என்றேன். ஒரு வீட்டுச் சன்னல் படாரென்று மூடியது. மூலை வீட்டு வாத்தியார், "டிவி போடலாமா?" என்று கேட்டார். போடலாம், அது அவ்வளவு இழுக்காது என்றேன். "அப்ப சரி, ஏசிய நிப்பாட்டிக்கிறேன்" என்றார். எதிர்வீட்டு அம்மா, "காலையில எத்தனை மணிக்குத் தண்ணி ஏத்தணும், சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. நான் பயந்த மாதிரி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் தறிச்சத்தம் மட்டும் நிற்கவில்லை. பாக்கியம் வீட்டுச் சன்னல் திறக்கவுமில்லை. அவள் வீட்டுக்கு எதிரே போய், தெருவுக்கு இந்தப் பக்கமாக நின்று கூப்பிட்டேன். வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"கேட்டுச்சு" என்றாள். "தகரம் அடிக்க நீங்களே போன் பண்ணிட்டீகளா, இல்ல நான் பண்ணவா?"

நான் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அண்ணாச்சிக்கு எம்புட்டு காட்டுது?"

"நேத்து எழுபத்தொம்பதுக்கு வந்திருச்சு பாக்கியம்."

"எத்தனை நாளைக்கு நிப்பாட்டணும்?"

"தெரியல."

"பகல்ல தறிக்குப் பாவு நூலு பிணைக்கிறதுக்கும் மத்த வேலைக்குமே சரியாப் போயிருது. சாயங்காலந்தான் நாலு தறியும் ஓடும். மாசக் கடைசிக்குள்ள சேலையக் குடுக்கணும்னு முதலாளி நிக்கிறாரு." சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். "நான் உங்களுக்காக நிப்பாட்டலக்கா. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, அண்ணாச்சிதான் கடையிலருந்து அரிசியும் பருப்பும் தகரத்துக்கு மேல தூக்கிக் குடுத்தாக. உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். அப்பா என்னிடம் சொல்லவே இல்லை. அவள் உள்ளே போனாள். ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. நான் தெருவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாலாவதும் நின்றபோது அந்தத் தெரு அப்படி அமைதியாகி நான் பார்த்ததே இல்லை. ஓடி வந்து ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். ஆறரை மணிக்கு இருநூறு காட்டியது. மெஷின் நிற்கவில்லை.

படுக்கை கிடைக்கவே இல்லை, பதினோரு நாள் அப்படி ஓடியது. ஆறு மணி அடித்தால் தெருவில் ஒவ்வொரு மோட்டாராக அடங்கும். விடியற்காலையில் எல்லா வீட்டுத் தொட்டியும் நிறைந்து வழியும், கிரைண்டர் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். இஸ்திரி போடுவதை ஜனங்கள் விட்டே விட்டார்கள். யார் போன் பண்ணினாலும் முதல் கேள்வி, "எம்புட்டு காட்டுது?" விரல் நம்பரா ஓல்டேஜ் நம்பரா என்று நான் கேட்க வேண்டியிருக்கும். ஒருநாள் ஏழரை மணிக்குத் திடீரென்று நூற்றெழுபதுக்கு இறங்கியது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அன்று சன்னலை மூடினார்களே, அந்த வீடுதான் என்று முடிவு பண்ணி, போன் போட்டு, "எங்க வீட்டுல ஒரு உசிரு கிடக்கு, உங்களுக்கு ஏசி கேக்குதா?" என்று கத்தினேன். அந்த அம்மா, "நாங்க மெயினையே அணைச்சிட்டு இருட்டுல உக்காந்திருக்கோம்க்கா" என்றாள். பிறகு பார்த்தால், ஆவி பிடிக்க வெந்நீர் போட நானே குளியலறையில் ஹீட்டர் கம்பியை மாட்டிவிட்டு மறந்திருக்கிறேன். அன்றிலிருந்துதான் ஆறு மணி ஆனால் ஒவ்வொரு அறையாகப் போய் எல்லாச் சுவிட்சையும் தொட்டுப் பார்க்கிற வழக்கம் எனக்கு வந்தது. அப்பா எழுந்து நடந்த பிறகும் அது போகவில்லை. ரெண்டு வருஷம் முன்னால் பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்தார்கள், ஓல்டேஜ் இப்போது இருநூற்று இருபதுக்குக் கீழே இறங்குவதே இல்லை. அப்போதும் போகவில்லை. பொழுது சாய்ந்து ஒரு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் என் காலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, என் புத்திக்குத்தான் தெரிவதில்லை. அந்த அறையில் உன் பிள்ளை இருந்தாள்.

மற்ற வீடுகளிலும் அந்தப் பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா இன்றைக்கும் காலையில்தான் தண்ணீர் ஏற்றுகிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் வீட்டில் ஒரு அறைக்கு மேல் ஏசி போடுவதில்லை. நல்லதுதான். மிச்சம் பிடிக்கிறவர்களைக் கேலி பண்ணாதே, நீயும் கொஞ்சம் மிச்சம் பிடி. ஆனால் எதற்காக அணைக்கிறோம் என்று வீட்டில் இருக்கிறவர்களிடம் வாயைத் திறந்து சொல்லிவிட்டு அணை. நான் சொல்லாமல் அணைத்தேன், பிள்ளைக்கு உடம்புக்கு வந்தது.

பாக்கியத்துக்கு என்ன ஆனது என்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மாசக் கடைசிக்குள் அவளால் சேலையைக் கொடுக்க முடியவில்லை. முதலாளி பாவு நூலை வேறு தறி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நாலு தறியில் ரெண்டை விற்றாள். அப்பா நடமாட ஆரம்பித்ததும் நான் அவள் வீட்டுக்குப் போய், தகரம் அடிக்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதப் பேச வேணாம்க்கா" என்றாள். அவ்வளவுதான். பேசுகிறாள், நல்லது பொல்லாததுக்கு வருகிறாள். மீனா கல்யாணத்துக்கு ரெண்டு நாள் நம் வீட்டிலேயே நின்று வேலை பார்த்தாள். ஆனால் இன்று வரை நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. நான் சொம்பை நீட்டினால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பாள். அது அப்படியேதான் இருக்கும், நான் பழகிக்கொண்டேன்.

உன்னை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏழாவது மாடியில் கைப்பிள்ளையோடு இருக்கிறாய். போன வருஷம் நான் வந்திருந்தபோது எதிர்வீட்டில் யார் என்று கேட்டேன், "யாரோ ஒரு பெங்காலி ஃபேமிலிம்மா" என்றாய். பேர் தெரியவில்லை. உங்களுக்குள் சண்டையும் இல்லை, நல்லாத்தான் இருக்கிறீர்கள். ஆனால் நான் நடுத்தெருவில் நின்ற அன்று எனக்குத் தெரிந்தது அந்தத் தெருவின் பேர்கள் மட்டும்தான். நான் கெடுதல் செய்தவளின் பேரும் அதில் இருந்தது. அந்த மாதிரி ஒரு நாள் உனக்கு வரவே கூடாது. வந்தால், யாரைக் கூப்பிடுவாய்?

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன், பயம்தான்.

நீங்கள் வந்திருந்தபோதே அப்பா மாடிப்படியில் நின்று நின்று ஏறினார்கள். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிப் போனதால் பார்க்கவில்லை. நீங்கள் போன மூன்றாம் நாள் குளித்துவிட்டுச் சட்டை போட முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அப்போது நுரையீரலில் வெந்துபோன இடமெல்லாம் தழும்பாக இறுகி, இப்போது அது பரவிக்கொண்டு வருகிறது என்று ஸ்கேனைக் காட்டிச் சொன்னார்கள். திரும்ப நல்லதாக்க மருந்து இல்லையாம், மெதுவாகப் போகச் செய்யத்தான் இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமையிலிருந்து முன்னறையில் மறுபடி ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. இப்போதைக்கு ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம். இது புதுசு, சத்தம் குறைவு. வந்து இறக்கிய அன்றைக்கே தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டேன். மீனாவும் மாப்பிள்ளையும் வந்து கூட இருக்கிறார்கள்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார்கள். "அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான். இப்பப் போயி இதச் சொன்னா, சீக்கச் சொல்லி வரவழைச்ச மாதிரி ஆயிரும். ஒரு மாசம் போகட்டும்" என்றார்கள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாசம் பொறுக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. ஒரு நாள் பொறுத்தே பார்த்துவிட்டேன்.

என் மேல் உள்ள கோபம் தீராவிட்டால் தீராமலே இருக்கட்டும், அதோடு வா. பிள்ளைக்கு இந்த வெயில் ஆகாதென்றால் அவளும் ரம்யாவும் அங்கேயே இருக்கட்டும், நீ மட்டும் கிளம்பு. அப்பாவுக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உன் ஆபீஸ், உன் பிள்ளை, எதைப் பற்றியாவது நீ பேசிக்கொண்டிரு. அவர்கள் கேட்டுக்கொண்டு படுத்திருக்கட்டும்.

உன் அம்மா